கத்தரி படாத சேவல்

மார்லா தன் நாத்தனார் பெர்னடீனுக்குத் தரவேண்டிய பாக்கி எண்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். கைமாற்று வாங்கிய பணம் இல்லை; ஒரு கோட்டின் விலை. போன வருடம், பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற ஹாலோவீனுக்கு, மகன் டோபிக்கு வௌவால் வேஷம் கட்டுகிற அவசரத்தில், பெர்னடீன் வீட்டில் மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்து, கத்தரிக்கோல் வைத்து, இரண்டு இறக்கையாக வெட்டிவிட்டாள். யாருக்கும் வேண்டாத பழங்கோட்டு என்று நினைத்தாள். அது பெர்னடீனின் கணவர் ஆர்வில் தேவாலயத்துக்குப் போட்டுப்போகிற கோட்டு. பூச்சி அரிக்காமல் இருக்க மடித்து வைத்திருந்தார்கள். டோபி அன்றைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கிற வௌவாலாக இருந்தான். ஆர்வில் அந்தக் குளிர்காலம் முழுக்க, மீன் பிடிக்கப் போடுகிற ஜாக்கெட்டோடு கோயில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார்.

மார்லா பத்துப் பத்தாகக் கொடுத்து அடைக்கப் பார்த்தாள். பெர்னடீன் தொடவில்லை.

"நான் என்ன சில்லறைக் கடையா வச்சிருக்கேன்? குடுத்தா மொத்தமாக் குடு. இல்லாட்டி நீயே வச்சுக்க."

ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு மொத்தமாக எங்கிருந்து வரும்? அதுவும் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதை பெர்னடீன் நிறுத்திவிட்டாள். அதுதான் மார்லாவுக்குப் பெரிய அடி. அந்த மேஜையில் உட்கார்ந்து, நாத்தனாரும் தானுமாக ஊரில் உள்ள ஒருத்தரையும் விடாமல் கேலி பண்ணி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தால்தான் அடுத்த ஆறு நாளும் கால் வலி தெரியாமல் ஓடும். ஒரு வருடமாக அந்தச் சிரிப்பு இல்லை.

இந்த வருட ஹாலோவீன் அன்று, வேலை முடிந்து வந்து மார்லா செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"மார்லா, உடனே கிளம்பி வா. ஏன்னு கேக்காத. கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தா, வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்."

ஒரு வருடம் கழித்துக் கேட்கிற குரல். மார்லா கழற்றின செருப்பையே திரும்ப மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வாசல்படியில் மடியில் மிட்டாய்ப் பாத்திரத்தோடு ஆர்வில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஊரான செயிண்ட் லூயிஸில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சும்மா கிடைத்துவிடாது. ஆளுக்கு ஒரு சிரிப்புக் கதை சொல்லியாக வேண்டும். படியில் ஒரு குட்டிப் பேய் யோசித்துக்கொண்டு நின்றது.

"மேல போம்மா," என்றார் ஆர்வில். "எதை வேணா எடுத்துக்கோ. இந்த ஜாக்கெட்டை மட்டும் விட்டுரு. எனக்கு இதான் மிச்சம்."

படுக்கையறையில் பெர்னடீன் உள்பாவாடையும் ரவிக்கையுமாக, இடுப்பில் கைவைத்து நின்றாள். கட்டிலில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ.

"தபால்ல வரவழைச்சேன். மகாராணி வேஷம். பிரிச்சா பூசணிக்காய். அதுவும் ஆறு வயசுப் புள்ளைக்கு."

"போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"தலையை விட்டேன். தலையே நுழையல. நீ சிரிச்சா கொன்னுருவேன்."

மார்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் வேஷப் போட்டி. வேஷம் போடாமல் வருகிறவர் இரவு முழுக்க உருளைக்கிழங்கு சாலட் பரிமாற வேண்டும் என்பது விதி. விதியைப் போட்டவளே பெர்னடீன்தான். போன வருடம் பரிசை வாங்கிப்போன லூசில், இந்த வருடமும் கடையில் காசைக் கொட்டி ஏதோ வாங்கியிருக்கிறாளாம்.

"அவ தட்டுல நான் சாலட் போடணுமா? காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்குவேன், போடமாட்டேன்," என்றாள் பெர்னடீன். "இந்தா அலமாரி. என்ன வேணா எடு. ஆனா ஒரு நூல் அறுபடக் கூடாது. திங்கக்கிழமை இதெல்லாம் நான் போட்டுட்டு வேலைக்குப் போகணும். கத்தரிக்கோல் என்கிட்ட இருக்கு." கைப்பையைத் திறந்து காட்டி, மூடி, தோளில் மாட்டிக்கொண்டாள்.

மார்லா அலமாரியைத் திறந்தாள். கம்பளிப் பாவாடைகள், வேலைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைகள், கழுத்தில் சுருக்கம் வைத்த ஒன்று, மஞ்சள் காலுறை, செம்மண் நிறத்தில் ஒரு நீளக் கோட்டு, சிவப்புத் தோல் கையுறை. கதவின் உள்பக்கத்தில் ஆர்விலின் டைகள். காப்பீடு விற்கிற மனிதர்; முப்பது வருடத்து டைகள் பச்சையும் நீலமும் அரக்குமாக வரிசையாகத் தொங்கின.

மார்லா ஒரு கையுறையைக் கையில் மாட்டி, ஐந்து விரலையும் விரித்து, தன் தலைமேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

"அக்கா, உங்களை சேவலாக்கப் போறேன்."

பெர்னடீன் முறைத்தாள். பிறகு கண்ணாடியில் அந்தச் சிவப்புக் கொண்டையைப் பார்த்தாள். "கோழி இல்லையே?"

"சேவல். ஊரையே எழுப்புற சேவல்."

"அப்ப சரி."

அதற்கப்புறம் நின்று யோசிக்க நேரமில்லை. பழைய காலுறைகளைக் கையுறைக்குள் திணித்ததும் விரல்கள் விறைத்து நின்றன. அதைத் தலைப்பட்டையில் ஊக்கால் குத்தியதும் கொண்டை தயார். சுருக்கம் வைத்த சட்டை கழுத்து இறகானது. மஞ்சள் காலுறையும் உயர்ந்த குதிகால் செருப்பும் கால்கள். செம்மண் கோட்டு உடம்பு. அதன் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டியதும் பெர்னடீனுக்கே தெரியாத இடுப்பு ஒன்று வெளியே வந்தது.

"ஏய், இது நானா?"

"மூச்சை வெளிய விடாத வரைக்கும் நீங்கதான்."

கீழேயிருந்து ஆர்வில் கத்தினார். "பெர்னி! இதைக் கேளு. பேய்க்குக் காய்ச்சல் வந்தா டாக்டர் எங்க தொட்டுப் பாப்பாரு?"

"எங்க?"

"எங்க தொட்டாலும் கை அந்தப் பக்கம் வந்துருமாம்!"

வாயில் நாலு ஊக்கைக் கடித்துக்கொண்டிருந்த மார்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "முழுங்கித் தொலைக்காதடி!" என்று பெர்னடீன் முதுகில் ஓங்கி அடித்தாள். ஊக்குகள் தரையில் சிதறின. இருவரும் முழங்காலில் தவழ்ந்து பொறுக்கினார்கள். சேவல் குனியும்போதெல்லாம் கொண்டை சரிந்து மூக்கில் விழுந்தது.

வால்தான் கடைசி. இருபது டைகளை ஒரு பெல்ட்டில் வரிசையாக முடிந்து, நடுவில் உள்ளவை நிமிர்ந்து வளைய டைக்கொரு துணிமாட்டும் கம்பியை உள்ளே நுழைத்தாள் மார்லா. கட்டிலில் வைத்துப் பார்த்தபோது அவளுக்கே வாய் பிளந்தது. அப்படி ஒரு வால். பெர்னடீன் கோட்டைக் கழற்றி, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, மேலே திரும்பக் கோட்டை மாட்டினாள்.

வால் கோட்டுக்குள் மடங்கிப் பின்னால் ஒரு மூட்டையாகப் புடைத்து நின்றது.

பெர்னடீன் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். "மார்லா. சேவலா இது? கோதுமை மூட்டை தூக்குற ஆள்."

"கோட்டுக்கு மேல கட்டிரலாம்."

கட்டினார்கள். கனம் தாங்காமல் தொங்கி, டைகள் தரையைக் கூட்டின. கோட்டைக் கழற்றினார்கள். உடம்பில்லாத சேவலாக இருந்தது.

"முதுகுத் தையலைக் கொஞ்சம் பிரிச்சா வால் வெளிய வந்துரும்," என்றாள் மார்லா. "நிதானமாப் பிரிச்சா துணிக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கே திரும்பத் தச்சுத் தர்றேன். அரை மணி நேரம் ஆகும்."

பெர்னடீன் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டுக்கு இருபது நிமிடம்.

மார்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் ஒரேயடியாக வலித்தன. இவ்வளவும் செய்து கடைசியில் சாலட்தான். இனி இந்த வீட்டிலிருந்து ஒரு வருடமல்ல, ஆயுசுக்கும் போன் வராது.

கைப்பை திறக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், பெர்னடீன் கையில் கத்தரிக்கோல். கோட்டைக் கட்டிலில் குப்புறப் போட்டு, முதுகை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! வேண்டாம்! அது உங்க நல்ல கோட்டு!"

"லூசில் வாயை மூடணுமா, வேண்டாமா?"

"மூடணும், ஆனா..."

கரக். கரக். செம்மண் துணி இடுப்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது.

பெர்னடீன் கத்தரிக்கோலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மார்லாவைப் பார்த்தாள்.

"அய்யய்யோ," என்றாள் மெதுவாக. "வெட்டும்போது நல்லா இருக்குடி."

"அதைத்தானே ஒரு வருஷமாச் சொல்ல நினைக்கிறேன்!"

இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். வயிறு வலிக்க, கண் மை ஒழுக, ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஆரம்பிக்க. பூசணிக்காய் நசுங்கிக் கீழே விழுந்தது. பிறகு மார்லா எழுந்து வாலைப் பிளவு வழியாக இழுத்து வெளியே விட்டாள். டைகள் விசிறிபோல விரிந்து, வளைந்து, பெர்னடீன் அசையும்போதெல்லாம் தனியாக ஒரு நடை நடந்தன.

வாசலில் ஆர்வில் எழுந்து நின்றுவிட்டார். தன் டைகள் ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்து பார்த்தார். கோட்டின் கிழிசலையும் பார்த்தார். ஆனால் விதி விதிதான். மிட்டாய்ப் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"கதை சொன்னாத்தான் மிட்டாய்."

பெர்னடீன் கொண்டையைச் சரி செய்துகொண்டாள். "ஒருத்தி என் புருஷன் கோட்டை வெட்டுனா. ஒரு வருஷம் அவளுக்குச் சோறு போடல. அப்புறம் என் கோட்டை நானே வெட்டிக்கிட்டேன்."

ஆர்வில் காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்ளோதான். சிரிங்க."

அவர் சிரித்த சிரிப்பில் மிட்டாய்கள் படியில் உருண்டன. குட்டிப் பேய்கள் எங்கிருந்தோ ஓடிவந்து பொறுக்கின.

"அப்ப மார்லா தரவேண்டிய எண்பத்தாறு அம்பது?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

"எந்த எண்பத்தாறு அம்பது?" பெர்னடீன் வாலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் படியிறங்கினாள். "மார்லா, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துரு. டோபியையும் கூட்டிட்டு வா. லூசில் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு நாள் பூரா பேசலாம்."