இருபதாயிரமாவது கார்

என் மனைவியின் தையல் கடை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் அவள் மிஷினில் குனிந்திருப்பது தெரியும். அங்கே போய்ச் சேரப் பதினான்கு கிலோமீட்டர். சிரிக்க வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

முன்பெல்லாம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரே ஓடிப் போய்க் கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிடுவாள். பிறகு எங்கள் சாலைத் துறையின் தலைமைப் பொறியாளருக்கு மூளை வேலை செய்தது. குறுக்கே நடக்கிறவர்களால்தான் கார்கள் தாமதமாகின்றன என்று கண்டறிந்து, இடைவெளியே இல்லாத ஒரு தடுப்புச் சுவரைக் கண்டுபிடித்தார். மார்பு உயரம். யாரும் ஏறிக் குதித்துவிடக் கூடாதென்று மேலே வழுக்கும் பூச்சு வேறு. அதற்கு அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சுவர் சார்.

எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் ஏழு கிலோமீட்டர் போய், வளைந்து, ஏழு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். கார் வாங்கினோம். தெருவே வாங்கியது. மாடி வீட்டு வாத்தியாரின் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். மணி அடிப்பது அவர் வீட்டுக்கே கேட்கும், மனிதர் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார். பல் டாக்டருக்கு வீடு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். இருவரும் தினமும் நடுவழியில் நெரிசலில் நின்று, சுவருக்கு மேலே ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்கிறார்கள். வாத்தியார் பல்வலியைக்கூட அங்கேயே காட்டிவிட்டார்.

இதில் என் பங்கு என்னவென்றால், நான் அதே துறையில் வண்டி எண்ணுகிறவன். என் வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால் ஒரு மேடை, ஒரு நாற்காலி, ஒரு குடை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று ஏறும்; குறைக்க அதில் வழியே கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியை நான் தவறவிட்டதில்லை. தும்மும்போதுகூட விரல் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதை என் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

எங்கே போகிறீர்கள் என்று ஒருமுறை வண்டிக்காரர்களைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் எதிர்ப்பக்கம் என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. நெரிசல் முழுவதும் ரோட்டைத் தாண்டப் போகிறவர்களின் நெரிசல்! காகிதத்தை எடுத்துக்கொண்டு சுவர் சாரிடம் போனேன். சுவரில் நாலு இடத்தில் திறந்துவிட்டால் பாதிக் கார் குறைந்துவிடும் என்றேன்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "எதிர்ப்பக்கம் போறதுக்கு இவ்வளவு கார் தேவைப்படுதுன்னா, நம்ம ரோடு எவ்வளவு சின்னதா இருக்குன்னு பாருங்க" என்றார்.

நடக்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கார், லாரி, பஸ், இரு சக்கரம், மாட்டு வண்டி என்று கட்டங்கள் இருந்தன. நடப்பவருக்குக் கட்டமே இல்லை. இத்தனை வருட எண்ணிக்கையில் ஒருவர்கூட நடக்கவில்லை, இல்லாதவர்களுக்கு எதற்கு வழி என்று கேட்டார்.

அப்புறம் விதியைச் சொன்னார். அடுத்த எண்ணிக்கை நாளில், காலை ஆறிலிருந்து மாலை ஆறுக்குள் இருபதாயிரம் வண்டி வந்துவிட்டால், ரோட்டை இன்னும் அகலமாக்குவார்கள். எங்கள் பக்கம் துறையின் கார் நிறுத்துமிடம் இருப்பதால் அதில் கை வைக்க மாட்டார்கள். எதிர்ப்பக்கக் கடைகள் போகும். வரிசையில் முதல் கடை என் மனைவியுடையது.

எண்ணிக்கைக்கு முந்தைய நாள் சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள். "ஏங்க, நாளைக்கு ஒரு நூறு வண்டிய பாக்காத மாதிரி இருந்துடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குத் தெரியுமே என்றேன். போன தடவை பத்தொன்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை, வீணாகப் பயப்படாதே என்றும் சொன்னேன்.

"எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ரூம்தாங்க" என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

எண்ணிக்கை நாளன்று நான் மேடையேறுவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். வழக்கமாக இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். மதியம் பசித்தபோதுதான் என் சாப்பாட்டு டப்பா காரின் பின் சீட்டிலேயே போய்விட்டது தெரிந்தது. எதிரே அவளும் கண்டுபிடித்துவிட்டாள். கடை வாசலில் நின்று டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். வராதே, வராதே என்று ஒரு கையை ஆட்டினேன். மறு கை எண்ணிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் எங்கேயோ ஒரு லாரி மக்கர் செய்து, ஊரே நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக நெரிசலைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஐந்தே முக்காலுக்குக் கருவியில் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. கார்கள் ஊர்ந்தன. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. முன்னால் வெற்று ரோடு. கடை பிழைத்தது என்று மனசுக்குள் கத்தினேன். வயிறுகூட நிறைந்த மாதிரி இருந்தது.

அப்போது வளைவில் ஒரு சின்ன நீலக் கார் வந்தது. பம்பரில் கயிறு கட்டிய கார். அந்தக் கயிற்றைக் கட்டியவன் நான்தான்.

மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, டப்பாவை நீட்டினாள். முகமெல்லாம் வியர்வை. "மூணு மணிக்கே கெளம்பிட்டேங்க. காலையிலேர்ந்து பட்டினியா உக்காந்திருந்தீங்களே, மனசு கேக்கல" என்றாள்.

நான் டப்பாவைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் என்னைக் கேட்கவே இல்லை. கார் மேடையைத் தொட்டபோதே அழுத்தியிருந்தது. கருவியில் இருபதாயிரம்.

அவளும் அதைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சாப்பாடு ஆறிப் போச்சு" என்றாள்.

சுவர் சாருக்கு ஒரே சந்தோஷம். இப்படி அச்சடித்த மாதிரி ஓர் எண்ணிக்கையைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கடைகளை இடிக்கும் நாளில் ரோட்டை இருபுறமும் மூடினார்கள். இடிக்கும் எந்திரம் தாண்டுவதற்காகச் சுவரில் பன்னிரண்டு அடி திறந்துவிட்டார்கள். எந்திரத்தைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றவிடுவது வீண் செலவாம்.

அந்த வழியாக நாங்கள் நடந்தே போனோம். மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். நடு ரோட்டில் கை வலிக்கிறது என்று இறக்கி வைத்தாள். வீட்டைப் பார்த்தாள். திரும்பிக் கடையைப் பார்த்தாள், கூரையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன். இன்னும் பொங்கியிருக்காது" என்றாள்.

மிஷினைத் தூக்கினோம். அவள் முன்னால் நடந்தாள். கருவியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் மிஷினைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் இரண்டு முறை அழுந்தியது, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.