தாய்மாமன் அறுத்த முதல் பலகை

என் கணவர் வீட்டில் எது நடந்தாலும் முதல் கை தாய்மாமன் கைதான். காது குத்தினால் மாமன் மடி, கல்யாணம் என்றால் மாமன் மாலை, புதுக் கார் வாங்கினால் எலுமிச்சம்பழத்தின் மேல் அதை ஏற்றி இறக்குவதும் மாமன். காதும் காரும் அவர்கள் பாடு. பேனல் சா மெஷினுக்கும் மாமன் வேண்டும் என்று ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாமன் பெயர் சுப்பண்ணன். என் மாமியார் தெய்வாத்தாளுக்கு அண்ணன். எங்கள் முறைப்படி நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும். நேரில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இங்கே சுப்பண்ணன் என்றே சொல்லப்போகிறேன், அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

கருமத்தம்பட்டியில் எங்களுக்கு ஒரு தறிக்குடோன் இருந்தது. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டபோது யாரும் கண்ணீர் விடவில்லை, சத்தம் ஒழிந்தது என்றுதான் நினைத்தோம். காலியான குடோனில் பிளைவுட் அலமாரியும் மாடுலர் கிச்சனும் செய்யலாம் என்றது நான். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்த பெண் வேண்டும் என்று தேடிப்பிடித்து என்னைக் கட்டி வந்தவர்கள் இவர்கள். படித்தவள் வாயையும் திறப்பாள் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. யோசனை என்னுடையது, வேலை என்னுடையது. விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டர் என் கணவர் கதிர்வேல்.

பேனல் சா என்பது ஒன்றும் மாயமில்லை. நடுவில் மேஜை, மேஜைக்குள்ளிருந்து தலை நீட்டுகிற வட்டமான பிளேடு, ஒரு பக்கம் தண்டவாளத்தில் ஓடுவது மாதிரி முன்னும் பின்னும் ஓடுகிற நீளமான மேடை. முழு ஷீட்டை அந்த மேடையில் படுக்க வைத்துத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போகும். மேடை கடைசிவரை ஓடுவதற்கு முன்னாலும் பின்னாலும் காலி இடம் வேண்டும், அவ்வளவுதான். அதனால் குடோனின் நட்டநடுவில் நிறுத்தினோம். கம்பெனி ஆட்கள் வந்து நாலு காலையும் மட்டம் பார்த்து இறுக்கினார்கள். இன்னொரு பக்கம், பலகை சாய்ந்து போக ஒரு நீளமான இரும்புப் பட்டை உண்டு, ஃபென்ஸ் என்போம். அது பிளேடுக்கு இம்மியும் கோணாமல் நேராக நிற்கிறதா என்று முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்து பூட்டினார்கள். பின்பக்கம் குறுகினால் பலகை நடுவில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பலகையைப் பிளேடு சும்மா விடாது, தள்ளுகிறவன் மேலேயே திருப்பி வீசும்.

அப்படி வீசாமல் இருக்கப் பிளேடுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு உண்டு. அறுபட்ட இரண்டு பக்கமும் மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் அது பார்த்துக்கொள்ளும். மேலே ஒரு மூடி. இதையெல்லாம் எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் எங்கள் ஆபரேட்டர் அங்கப்பன். போத்தனூரில் ஒரு பெரிய பட்டறையில் இருந்தவரை நான்தான் கெஞ்சிக் கூட்டிவந்தேன். வாய்த்துடுக்கான மனிதர். வந்த அன்றைக்கே, "மூடியக் கழட்டச் சொன்னா நான் சட்டையக் கழட்டாமயே ஊட்டுக்குப் போயிருவனுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றார். எனக்குப் பிடித்துப்போனது. நான் அவரை அங்கப்பண்ணா என்று கூப்பிட்டது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதாதா என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் பூஜைக்கு முதல் நாள் சுப்பண்ணன் வந்து குடோனைச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணு, கனமான சாமான நடுவுல வெக்கலாமா? கன்னி மூலைல வெச்சாத்தான நிக்கும்?" என்றார்.

"மூலையில வெச்சா மேடை ஓடாதுங்க பெரியப்பா. செவுத்துல முட்டிக்கும்."

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் கண்ணு."

இந்த ஆளோடு என்ன பேசுவது? அதட்டினால் பதிலுக்கு அதட்டலாம். தேன் தடவிய குரலில் முட்டாள்தனம் பேசுகிறவரிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? எங்கள் பக்கத்து மரியாதைக்கு ஊரெல்லாம் பெயர். அந்த மரியாதையில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் இடமே கிடையாது. கதிர்வேலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சாயங்காலம் நான் வீட்டில் இருந்த நேரத்தில் ஆட்களை வைத்துக் கடப்பாரையால் நெம்பி, உருளை கொடுத்து, மெஷினைத் தென்மேற்கு மூலையில் கொண்டுபோய்ச் செருகிவிட்டார்கள். பழனிக்குக் காவடி எடுத்தால்கூட இத்தனை பேர் கை கொடுத்திருக்க மாட்டார்கள்.

காலையில் போய் டேப்பை எடுத்து அளந்தேன். நெம்பிய நெம்பலில் ஃபென்ஸ் கோணியிருந்தது. முன்னால் இருந்த இடைவெளி பின்னால் இல்லை. கதிர்வேலை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"பூஜை முடியட்டும் லோகு, அப்பறம் பாத்துக்கலாம்."

"பூஜையிலதான பலகை அறுக்கப் போறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான. மாமா மொதப் பலகை அறுத்துப்போட்டுப் போயிருவாரு. நீ சும்மா இரு."

பிளேடுக்கு ஒன்று இரண்டு என்று கணக்குத் தெரியுமா? இதை அவரிடம் கேட்டேன். ஐயர் வந்துவிட்டார் என்று நழுவிவிட்டார்.

சொந்தக்காரர்கள் ஒரு கூட்டமே வந்திருந்தார்கள். மெஷினுக்குத் திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாம் பூசி மாலை சாத்தினார்கள். பிளேடுக்கும் பொட்டு வைக்க வேண்டுமாம். மூடி மறைக்கிறதே என்றார் சுப்பண்ணன். மூடியைக் கழற்றினார்கள். தகடும் வீடியோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று யாரோ சொல்ல, அதையும் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தார்கள். எந்தப் பொருள் ஆளைக் காப்பாற்றுமோ அதைத் தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, எது ஆளை அறுக்குமோ அதற்குப் பொட்டு வைத்தது எங்கள் குடும்பம்.

நான் அங்கப்பனைத் தேடினேன். சட்டையோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"போகலையாண்ணா?"

"கெளம்புனனுங்க. உங்க மாமியாரு கையப் புடிக்காத கொறையாக் கேட்டுப்போட்டாங்க, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கிட்டுப் போகாதேன்னு. என்னங்க பண்றது?"

இந்த மரியாதை அவரையும் பிடித்துக்கொண்டது. எனக்கு அவர் மேலும் எரிச்சலாகத்தான் வந்தது.

சுப்பண்ணன் பட்டு வேட்டியில், தோளில் துண்டு தொங்க, மணிக்கட்டில் தங்கச் சங்கிலி ஆட, பிளேடுக்கு நேர் எதிரே வந்து நின்றார். தொங்குகிற எதுவும் பிளேடுக்குப் பக்கத்தில் ஆகாது. பிளேடுக்கு நேராக நிற்கவே கூடாது, ஒரு ஓரமாகத்தான் நிற்க வேண்டும். சொன்னேன். "ஓரமா நின்னா போட்டோவுல உழுகுமா கண்ணு?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மேடை சுவரில் முட்டுவதால் பலகையை ஃபென்ஸில் சாய்த்துக் கையாலேயே தள்ள முடிவானது. அந்தக் கனம் அவர் ஒருத்தரால் ஆகாதே!

"அங்கப்பா, நீ அந்தப் பக்கம் நின்னு புடிச்சு இழு சாமி" என்றார்.

பிளேடுக்குப் பின்னால் நின்று பலகையை இழுப்பது என்றால், பலகை திரும்பி வீசப்பட்டால் இழுக்கிற கையும் அதோடு பிளேடுக்குப் போகும். மெஷின் வேலை தெரிந்த யாரும் செய்ய மாட்டார்கள். அங்கப்பன் அசையவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஐயர் நல்ல நேரம் போகிறது என்றார். தெய்வாத்தாள், "போ சாமி, ஒரு நிமிசந்தான" என்றார். போனார். மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வழி விடுங்க, வழி விடுங்க என்று நெரித்துக்கொண்டு போனேன். ஒவ்வொருத்தரும் "வா கண்ணு, நல்லா இருக்கறயா" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

பட்டனை அமுக்கிவிட்டார்கள். பிளேடு சுற்ற, மாலைப் பூ பிய்ந்து பறந்தது. கைதட்டினார்கள். பலகை பாதி உள்ளே போனதும் சத்தம் மாறியது. சீறிக்கொண்டிருந்தது கனத்து முனகத் தொடங்கியது. அந்த முனகல் எனக்குத் தெரியும், அங்கப்பனுக்கும் தெரியும்.

"விடுங்கண்ணா! கைய விடுங்க!" என்று கத்தினேன்.

அவர் விட்டார். அடுத்த நொடி பலகை திரும்பிப் பறந்து சுப்பண்ணன் விலாவில் மோதியது. அவர் வெற்றிலைத் தட்டின் மேலேயே போய் விழுந்தார். நான் ஒருவழியாகச் சுவிட்சை எட்டி இறக்கினேன். பிளேடு நின்ற பிறகும் வீடியோக்காரன் எடுத்துக்கொண்டே இருந்தான்.

ஒரு விலா எலும்பில் விரிசல், வேறு ஒன்றுமில்லை. அவருக்கு வலித்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருத்தம்தான் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனோம். சுப்பண்ணன் சோபாவில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் கடை வைக்கிற அளவுக்கு இருந்தன. அங்கப்பனையும் வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவர் வாசல் நிலையை ஒட்டி நின்றார், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"கால்ல உழுந்து ஒரு வார்த்த கேட்டுரு அங்கப்பா, மாமா ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டாரு" என்றார் கதிர்வேல்.

"அவர் எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.

தெய்வாத்தாள் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை, பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "நீ கத்தாம இருந்திருந்தா அவன் உட்டிருக்க மாட்டான் அம்மணி. அவன் கெட்டியாப் புடிச்சிருந்தா அண்ணனுக்கு அடியே பட்டிருக்காதில்ல?"

"புடிச்சிருந்தா கையும் பலகையோட பிளேடுக்குப் போயிருக்கும்ங்க அத்தை. வெரல் போயிருக்கும்."

ஒருவராவது ஐயோ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கதிர்வேல்தான் பேசினார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

"அப்படி ஒரு வெரல் போயிருந்தா நாம என்ன பாக்காமயா உட்டிருப்போம் லோகு? ஆசுபத்திரிக்கு, ஊட்டுக்கு, எல்லாம் செஞ்சிருப்போம்ல. நாம என்ன அப்படிப்பட்டவங்களா?"

இத்தனை வருஷம் என்னோடு ஒரே தட்டில் சோறு சாப்பிட்ட மனிதர் இவர்! கெட்டவராக இருந்தால்கூடச் சகித்திருப்பேன். தான் நல்லவர் என்று நம்பிக்கொண்டு அதைச் சொன்னார்.

அங்கப்பன் நிலையிலிருந்து நகர்ந்து கூடத்துக்குள் வந்தார். காலில் விழத்தான் வருகிறார் என்று நினைத்துச் சுப்பண்ணன் பாதத்தை லேசாக முன்னால் நகர்த்தினார். அங்கப்பன் குனியவில்லை. வலது கையை விரித்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"எந்த வெரலுங்க?"

"என்ன சாமி?"

"போயிருந்தாப் பரவால்லீன்னு பேசிக்கறீங்கல்ல. எந்த வெரலுன்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டனுங்க."

சுப்பண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். அவர் கண் கட்டைவிரலில் ஆரம்பித்தது, ஒவ்வொன்றாகத் தாண்டியது, சுண்டு விரலுக்கு வந்து நின்றது. நான் பார்த்தேன். அங்கப்பனும் பார்த்தார். அவர் அந்த விரலை முதலில் மடக்கி, பிறகு மற்றவற்றையும் மடக்கிக்கொண்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

"அவன் போனா மெஷின யாரு லோகு ஓட்டறது?" என்றார் கதிர்வேல்.

"நீங்களே ஓட்டுங்க. உங்ககிட்டப் பத்து இருக்குதுல்ல?"

கதிர்வேல் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு இரண்டையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டார்.