ஐந்தை ஆறாக்கியவள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. போன செவ்வாய்க்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலில், காபி ஆறிக்கொண்டிருக்க, பேராச்சி சொன்னது. “யார்ட்டயும் சொல்லிராதிய, யக்கா” என்றாள். கதை எழுதுகிறவளிடம் போய்ச் சொல்லலாமா? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

2

முதல் தொடக்கம்: ‘நட்சத்திரங்கள் பிறப்பதற்கு முன்பிருந்த அந்தப் பேரிருளில்…’ (வேண்டாம். மேடைப்பேச்சு.)

இரண்டாவது: ‘பேராச்சி, தாராவியில் தோல்பை தைக்கும் தங்கபாண்டியின் மகள், ரேடியோ வானியல் ஆய்வாளர்.’ இருக்கட்டும். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

அவள் வேலை எனக்குப் புரிந்தவரை இது. ஆதியில் எங்கும் ஹைட்ரஜன் வாயு. அது பழைய ரேடியோ அலைகளில் கொஞ்சத்தை விழுங்கியது. சிக்னலில் அது ஒரு பள்ளமாகத் தெரிய வேண்டும். அன்றைக்கே காந்தப்புலம் இருந்திருந்தால் வாயு சூடாகி, பள்ளத்தின் ஆழம் குறைந்திருக்கும். ஆனால் நம் பால்வீதியின் இரைச்சல் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. இரைச்சலைக் கழிக்க ஒரு வளைகோடு வரைவார்கள். எண்கள் கூடக் கூட அந்தக் கோட்டை இஷ்டத்துக்கு வளைக்கலாம்; அதனால் எத்தனை எண்கள் என்று முதலில் எழுதிப் பூட்டிவிட்டுத்தான் தரவைத் திறக்க வேண்டும். அவர்கள் குழுவின் விதி அது.

3

பேராச்சி ஐந்து என்று எழுதினாள். திறந்து பார்த்தாள். பிறகு ஆறாக மாற்றினாள்.

“ஆறு போட்டா ஏக்தம் அழகா வந்துட்டுக்கா, காந்தப்புலம் இருந்த மாதிரியே. பூட்டுன பைலையும் மாத்திட்டேன்.”

“ஆறுதான் சரியோ என்னவோ?”

“இருக்கலாம். அதான் பயமா இருக்கு. இப்ப எனக்கே தெரியல.”

கட்டுரை திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போகிறது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் எங்கெங்கோ இருப்பவர்கள் அவள் முடிவை நம்பி வருஷக்கணக்காகத் தேடுவார்கள்.

“அப்பா பட்டறைல என் போட்டோவ ஒட்டிருக்காவ” என்றாள்.

இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. அழுதால் கதை அழகாக வந்தது, அதனால் அழவைத்தேன். அடித்துவிட்டேன்.

4

முடிவு அ: செம்பூர் ஸ்டேஷனில் நின்று, குழுவை நடத்தும் பேராசிரியருக்கு போன் செய்கிறாள். (நடக்கவில்லை. என் ஆசை.)

முடிவு ஆ: அவள் சொல்லவேயில்லை. கட்டுரை வெளியாகி, தங்கபாண்டி பட்டறையில் எல்லோருக்கும் பேடா கொடுத்து

(முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.)

5

இன்று ஞாயிறு. காலையில் வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: “நாளைக்குச் சொல்லிருவேன்னு நெனைக்கேன், யக்கா. அதுவரைக்கும் எழுதிராதிய.”

அந்த ‘நெனைக்கேன்’தான் என்னைப் படுத்துகிறது. பத்திரிகைக்குக் கதை அனுப்பவும் நாளைதான் கடைசி நாள். பெயரை மாற்றி என்ன பயன்? பூட்டிய எண்ணை மாற்றியது யாரென்று தெரிந்துவிட, அவள் குழுவில் ஒருவர் இதைப் படித்தாலே போதும்.

ஆகவே, இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று அவளே சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். எது என்று நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு நேரம் என் குரலைத்தானே கேட்டீர்கள், நான் எப்படிப்பட்டவள் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.