எதிர்வீட்டுக்குப் போன செண்டுமல்லி

செத்தவர்கள் வீடு திரும்பும் நாள். மெக்சிகோவின் வஹாக்கா ஊர்ச் சந்தையில் மிளகாய் விற்கும் தோமாசா, செத்துப்போன புருஷன் எவரார்தோ வழிதவறாமல் வந்து சேர, கல்லறையிலிருந்து தன் வாசல் வரை செண்டுமல்லி இதழ் தூவினாள். திரும்பிப் பார்த்தால், பாதியில் இன்னொரு இதழ்ப்பாதை கிளம்பி எதிர்வீட்டு எல்விராவின் வாசலுக்குப் போகிறது. அங்கே படையலில் அவன் படமும், ஆவி பறக்கும் மோலே குழம்பும்.

"என் புருஷனுக்கு உன் வீட்ல என்னடி வேலை?"

"உங்க குழம்பை அவரு ஒரு நாளாவது முழுசா சாப்பிட்டிருக்காராக்கா?"

 எல்விராவின் இதழ்ப்பாதையைக் கூட்டித் தள்ளத் துடைப்பத்தை எடுத்த தோமாசா, அவன் வராமலே போவதற்குப் பாதியாவது வரட்டும் என்று அதைக் கீழே போட்டாள். மிச்ச இதழ்களை எல்விரா வாசலிலிருந்து தன் வாசலுக்குத் தூவினாள்.

"சாப்பிட்டதும் அனுப்பிடு. தூங்க மட்டும் அவரு எப்பவும் வீட்டுக்குத்தான் வருவாரு."