ஏழாம் நாள் முடி

“இந்த முடி எப்ப எடுத்தது?” என்று டொக்டர் ஜெகதீஸ்வரி கேட்டார்.

ஹமீட்டுக்கு அந்தக் கேள்வி உடனே பிடிபடவில்லை. அதற்கு முன் அவர் சொன்னதிலேயே மனம் நின்றிருந்தது. கொழும்பிலிருந்து முடிவு வந்துவிட்டது. தேடிய அமிலங்கள் எதுவும் ஸாஜித்தின் முடியில் கூடுதலாக இல்லை. அப்படியென்றால் மகனுக்கு அந்த நோயே இருக்கவில்லை என்று அவன் எண்ணிக்கொண்டான். அருகில் கதிரையில் எட்டு மாத வயிற்றோடு மனைவி றம்ஸியா இருந்தாள். முல்லைத்தீவிலிருந்து விடியப் புறப்பட்ட பஸ், ரயர் மாற்றக் கனகராயன்குளத்தில் நின்று, வவுனியா வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அவளுடைய கால்கள் வீங்கியிருந்தன.

ஸாஜித் பத்து மாதத்தில் இறந்தான். குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தான், பிறகு எழுப்ப முடியாத தூக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இரத்தம் எடுத்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. இந்த முறை றம்ஸியா வயிற்றோடு வந்தபோதுதான் டொக்டர் விளக்கினார். சில பிள்ளைகளின் உடம்பு சாப்பாட்டைச் சரியாக உடைக்காது. சின்னச் சின்ன அமிலங்கள் தேங்கிவிடும். முடி வளரும்போது அவற்றில் கொஞ்சம் முடிக்குள்ளும் போய்த் தங்கும். அதை அளந்து பார்க்கிற ஆய்வுகூடம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கும் அதே நோய் வரக்கூடும். எந்த அமிலம் என்று தெரிந்தால், முதல் நாளிலிருந்தே ஏற்ற பாலைக் கொடுக்கலாம்.

“அந்தப் பிள்ளையின்ட முடி ஏதும் இருக்கோ?” என்று அன்று கேட்டார். இருக்கு என்று ஹமீட் சொன்னபோது றம்ஸியாவே திரும்பிப் பார்த்தாள்.

“ஏழாம் நாள் மழிச்சது, டொக்டர்,” என்றான் இப்போது. “எங்கட வழக்கம். மழிச்சு, நிறுத்து, அந்த நிறைக்கு வெள்ளி தருமம் குடுத்து, முடியப் புதைக்கிறது.”

“அப்ப ஏன் புதைக்கேல்ல?”

“அப்ப புத்தளத்தில வாடகை வீடு. ஆரோ ஒராளின்ட காணி. ஊருக்குத் திரும்பினாப் பிறகு எங்கட வளவில புதைப்பம் எண்டு வச்சிருந்தனான்.”

“நாங்க இருக்க இன்னும் வீடு கட்டி முடியேல்ல,” என்றாள் றம்ஸியா. “முடிக்குக் காணி பார்த்தவர்.”

டொக்டர் சிரிக்கவில்லை. அவரும் காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை போலிருந்தது.

“என்ர பிழை. அண்டைக்கே கேட்டிருக்கோணும். ஏழாம் நாள் முடி, வயித்துக்குள்ள வளர்ந்த முடி. அங்க பிள்ளைக்கு அமிலம் கூடினாலும் கொப்பூழ்க்கொடியால உங்களிட்ட வந்திடும். உங்கட உடம்பு அதக் கழிச்சுப்போடும். நோய் இருந்தாலும் அந்த முடி காட்டாது. பிறகு முளைச்சதுதான் சொல்லும்.”

பிறகு முளைத்தது காதுவரை வந்திருந்தது. கத்தரிக்கோல் படவில்லை. அந்த முடியோடுதான் அவனை அடக்கினார்கள்.

“தொப்பி, தலையணை, சீப்பு? சீப்பில கொஞ்சம் சிக்கிக் கிடந்தாலும் பார்க்கலாம்.”

“எல்லாத்தையும் கழுவித் தோய்ச்சு மதினியின்ட பிள்ளைக்குக் குடுத்திட்டன்,” என்றாள் றம்ஸியா. “வீட்டில கிடக்கிறதப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு.”

 வெளியே ஒரு பிள்ளை அழுது, ஓய்ந்து, மறுபடி அழுதது.

“மையவாடியில, அவன அடக்கின இடத்தில...” என்று ஹமீட் தொடங்கினான்.

“வேணாம்.” அவள் குரல் உயரவில்லை. “அந்தக் கதையே வேணாம்.”

“நானும் அதக் கேக்கமாட்டன்,” என்றார் டொக்டர். பிறகு றம்ஸியாவின் வயிற்றைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளை இஞ்சதான் பிறக்கோணும்,” என்றார். “பிறந்த உடன இரத்தம் எடுத்து அனுப்புவம். ஆனா பிள்ளை சுகமா இருக்கிற நேரம் எடுத்தா அது சில வேளை ஒண்டையும் காட்டாது. பால் குடிக்காட்டி, சோர்ந்து படுத்தா, உடன கொண்டுவரோணும். முல்லைத்தீவில இருந்து பஸ்ஸில வந்து சரிவராது.”

முல்லைத்தீவிலுள்ள தன் கடையை என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்த ஹமீட் அதை விட்டுவிட்டான்.

“இஞ்ச பக்கத்தில, சாளம்பைக்குளத்தில மாமி வீட்ட நிக்கிறன்,” என்றாள் றம்ஸியா.

“மாமியின்ட வாயத் தாங்குவியோ?”

“உங்கட குறட்டையத் தாங்கினனான்தானே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அப்ப இந்தப் பிள்ளைக்கு ஏழாம் நாள் மழிக்கிறதோ, விடுறதோ, டொக்டர்?”

“மழியுங்கோ. ஒட்ட மழியுங்கோ. அதுக்குப் பிறகு முளைக்கிறது முழுக்க வெளியில வளர்ந்த முடி. இரத்தத்தில ஒண்டும் தெரியாட்டி அதில கொஞ்சம் வெட்டி அனுப்புவம்.”

“எவ்வளவு வளரோணும்?” என்று றம்ஸியா கேட்டாள்.

டொக்டர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சற்றே விரித்துக் காட்டினார். “மூண்டு, நாலு மாசம் போகும்.”

றம்ஸியா அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

“ஸாஜித்துக்கு இதவிடக் கூட இருந்திச்சு,” என்றாள்.

டொக்டரின் விரல்கள் மேசைமேல் சிறிது நேரம் அப்படியே விரிந்திருந்தன.