பின்கதவைப் படம் பிடித்தவள்

நான் பொய்யே சொல்லாதவள் இல்லை. மாமியாரிடம் தினமும் சொல்கிறேன். ஆனால் போனைப் பார்த்து, "நான் போட்ட வீடியோ பொய்" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

என் பெயர் ஒச்சாயி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று வைத்த பின்கதவில் பூட்டுத் தொங்கியது. கேட்டுப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடியோவாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டேன். மறுநாள் காலையில் என்னை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் தங்கதுரை மிரட்டுவதையும் மரியாதையாகத்தான் செய்வார். போனில் பேசி அனுப்பியிருந்தார்: "ஏனுங்க ஒச்சாயி, அது பொய்யின்னு ஒரு வீடியோ போட்டுருங்க. நாளைக்கே வேலைக்கு வந்தரலாமுங்க. இல்லீன்னா திருப்பூருல எங்கயும் மிசின்ல உக்கார முடியாதுங்க."

தொழிற்சங்கத்துக் கலைமகளிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம் பொழப்பே போச்சு, ஒனக்குச் சிரிப்பு கேக்குதாக்கும்?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. வீடியோ போட்டதுக்குத்தான் நிறுத்துனோமுன்னு அவரே சாட்சி சொல்லிட்டாருங்க. மனசுல பட்டதப் பேசலாமுன்னு உலக நாடெல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டிருக்குதுங்க. நம்ம நாடும் அதுல சேந்திருக்குதுங்க. நம்ம பனியன வாங்குற நாட்டுல இத விசாரிக்கவே ஒரு ஆபீஸ் இருக்குதுங்க."

"ஆமா, வெள்ளைக்காரன் வந்து பூட்டத் தெறக்கப்போறான்!" என்றேன்.

ஆனாலும் ஆடியில் அந்த ஆபீசுக்குப் புகார் போட்டோம். தை பிறந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். அதுவரை வீட்டில் உட்கார்ந்து கூலிக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டினேன், அழுதேன், கலைமகளையும் திட்டினேன்.

விசாரணை கம்ப்யூட்டரில் நடந்தது. அந்த நாட்டு ஆபீசிலிருந்து விசாரிக்கிற அம்மா ஒருவர், மொழிபெயர்க்க ஒரு பெண், பனியன் வாங்கும் கம்பெனிக்காரர், எங்கள் முதலாளி, தங்கதுரை. மேனேஜரின் பேச்சைப் போட்டார்கள். அத்தனை 'ங்க'வையும் அந்தப் பெண் எப்படித்தான் மொழிபெயர்த்தாளோ! அந்த அம்மா முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறதா?"

முதலாளி தங்கதுரையைப் பார்த்தார். தங்கதுரை மேஜையைப் பார்த்தார்.

பூட்டு போனது. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பேசியதற்காக இனி யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்று கம்பெனி ஒத்துக்கொண்டது.

நான் திரும்பிய அன்று தங்கதுரை எல்லாரையும் கூட்டி, "வேற ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டார். இருக்காது என்று நினைத்திருப்பார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கத்து மிசின் மோனிஷா எழுந்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனவள் அவள்.

"கக்கூஸ்ல தண்ணியே வர்றதில்லீங்க சார்."

பின்னாலிருந்து ஒருவன் இந்தியில் ஏதோ சொன்னான். செக்கிங் மேஜையிலிருந்து இன்னொருத்தி ஓடாத காற்றாடியைக் காட்டினாள். பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அன்று எனக்குப் பேச முறையே வரவில்லை.