ஞாயிற்றுக்கிழமை நெய்மீன்

1

இந்தக் கதை என்னுடைய ஒரு தப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் ஷிஜி சொல்லிவிடுவாள்.

ஷிஜி என் கல்லூரித் தோழி. அவள் கணவன் டெனிஷின் வள்ளம் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கரைக்குக் கொண்டுவரும் மீனை, காலையில் ஸ்கூட்டரில் நாகர்கோவில் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நான் ஹரிதா. ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டவள். அது வந்து ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஒரு கதையைக்கூட எழுதி முடிக்கவில்லை.

இதையும் முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

“இராஜாக்கமங்கலத்துக் கடல்மீது சூரியன் தன் முதல் பொற்கதிரை...”

[விட்டுவிட்டேன். ஷிஜியிடம் வாசித்துக் காட்டியபோது, “சூரியன் வாற நேரம் நா மீன் ஏலத்துல நிப்பேன். எவ பாத்தா?” என்றாள்.]

2

மூன்று மாதத்துக்கு முன் அவள் கேட்டது இவ்வளவுதான்: “ஏட்டி, நீ கதை எழுதுகவதான? எனக்குத் தினமும் ரெண்டு வரி எழுதித் தருவியா?”

அவளிடம் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் இருந்தது. ஒரு நாள் போட்டால் நாலு நாள் போடமாட்டாள். கை முழுக்கச் செதிலோடு நிற்பவள் போனை எப்படி எடுப்பாள்? முப்பத்தொரு வீடுகள் வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு நாற்பது வேண்டும்.

நாற்பது என்பது டெனிஷோடு பேசி வைத்த கணக்கு. நாற்பது வீடு நிலைத்துவிட்டால் அவன் ஊரிலேயே கடலுக்குப் போவான். இல்லாவிட்டால் பஹ்ரைனில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்க இரண்டு வருடம். ஏஜென்ட் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஷிஜிக்கு அவன் போவதில் விருப்பமில்லை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

நான் சரி என்றேன். ஆறு வருடம் சும்மா இருந்தவளுக்கு ரெண்டு வரி பெரிய வேலையா என்ன?*

* எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. நெய்மீன் எது, பாறை எது என்பதே ஷிஜி அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

வேலையை ஒழுங்காகச் செய்ய ஆசைப்பட்டேன். சிறு வியாபாரத்தை இணையத்தில் வளர்ப்பது எப்படி என்று பத்து வீடியோ பார்த்தேன். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தினமும் போடு. ஒரே நேரத்தில் போடு. ஒரு வாரத்துக்கானதை முன்கூட்டியே எழுதி வை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நோட்டில் ஏழு கட்டம் போட்டேன். ஏழு பதிவு எழுதினேன். ஒரு செயலியில் நேரம் குறித்து வைத்துவிட்டு, தினமும் காலை ஏழு மணிக்குத் தானாகப் போய்விடும் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன். முதல் கட்டத்தில் இருந்தது, வியாழக்கிழமை வந்த அழகான நெய்மீன் படம். அதன் கீழே நான் எழுதியது:

“இன்று அதிகாலை கரைசேர்ந்த நெய்மீன். துள்ளல் அடங்கும் முன் உங்கள் வாசலில்.”

முதல் கட்டம் ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. கர்த்தருடைய நாள். மீறினால் ஊர்க் கமிட்டி தண்டம் போடும். கல்லூரியில் மூன்று வருடம் ஷிஜியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியும். ஆனாலும் ஏழு கட்டத்தைப் பார்த்ததும் ஏழையும் நிரப்பத்தான் தோன்றியது.

ஏழு ஐந்துக்கு, வங்கியில் வேலை பார்க்கும் லட்சுமிப்ரியா குழுவில் கேட்டுவிட்டார்: “ஷிஜி, ஞாயித்துக்கிழம எந்த வள்ளம் போச்சு? இவ்வளவு நாளும் ஐஸ் மீனத்தான் தந்தியா?”

மத்தியானத்துக்குள் ஆறு வீடுகள் குழுவை விட்டுப் போயின.

ஊரில் இதைவிட மோசம். தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்த டெனிஷைக் கமிட்டியைச் சேர்ந்த கிளீட்டஸ் நிறுத்தினார். “ஏலே, இன்னைக்கிக் கடலுக்குப் போனியா?”

“பாட்டுக்குழுவுல நின்ன ஆளு எப்பிடி அண்ணே கடல்லயும் நிக்கும்?” என்றிருக்கிறான் டெனிஷ்.

[இங்கே ஷிஜி என்னைத் திட்டும் காட்சி ஒன்று இருந்தது. இரண்டு பக்கம். எடுத்துவிட்டேன், ஏனென்றால் அவள் திட்டவில்லை. கதைக்குச் சூடு வேண்டும் என்று நானாகச் சேர்த்தது.]

அவள் போனில் சொன்னது இதுதான்: “எழுத்து நல்லாத்தான் இருந்துது கேட்டியா. மீனுதான் இல்ல.”

நான் அழுதுவிட்டேன். அவள் காத்திருந்தாள். பிறகு, “அழுது முடிச்சிட்டியா? ஒரு படம் அனுப்புகேன். இனி மீனப் பாத்தப்பெறவு எழுது,” என்றாள்.

மணலில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளம். அதன்மேல் சாய்ந்து, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு டெனிஷ். நான் எழுதினேன்:

“இன்று மீன் இல்லை. காலையில் வந்தது வியாழக்கிழமைப் படம். அதை எழுதியது ஹரிதா, ஷிஜி அல்ல. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வள்ளம் கடலுக்குப் போகாது. மன்னிக்கவும்.”

அரை மணி நேரம் போனது. பிறகு லட்சுமிப்ரியா, “சரி. நாளைக்கு எனக்கு அரைக் கிலோ நெத்திலி,” என்றார். அந்த அரைக் கிலோவுக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4

டெனிஷைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. இந்தக் கதையில் அவன் சரியாக வரவில்லை. முதல் வரைவில் அவனை ஒரு பாறைமேல் உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடவைத்திருந்தேன்.

“அவன் கடல அப்பிடியெல்லாம் பாக்கமாட்டான். கரைக்கி வந்தா ரீல்ஸ்தான் பாப்பான்,” என்றாள் ஷிஜி.

போக ஆசைப்படுகிறானா, பயப்படுகிறானா என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. எனவே அவன் மனசுக்குள் நான் நுழையப்போவதில்லை.

5

அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு வழக்கம் அமைந்தது. காலை ஆறு நாற்பதுக்குக் கரையிலிருந்து ஷிஜி படம் அனுப்புவாள். நான் பார்ப்பேன். என்ன மீன், யார் வலையில் விழுந்தது என்று கேட்பேன். ஏழு மணிக்கு நாலு வரி போகும். சாளை மட்டும் கிடைத்தால் சாளை மட்டும் என்று எழுதுவோம். காற்றடித்து வள்ளம் போகவில்லையென்றால் அதையும் ஏழு மணிக்கே சொல்லிவிடுவோம். ஞாயிறுதோறும் மணலில் கிடக்கும் வள்ளத்தின் படம் போகும். அதற்குத்தான் நிறையப் பேர் பதில் போடுகிறார்கள். மீன் தினமும் இருக்காது, நாங்கள் தினமும் இருப்போம் என்பது வீடுகளுக்குப் புரிந்துவிட்டது. விட்டுப்போன ஆறில் நான்கு திரும்பி வந்தன. புதிதாகவும் சேர்ந்தார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு வருடம் பெரிய கதைக்காகக் காத்திருந்து ஒன்றும் எழுதாதவள், தினமும் நாலு வரி எழுதினேன். அறுபதாவது நாளோ என்னவோ, ஐந்தாவது வரி ஒன்று வந்தது. மீனுக்குச் சம்பந்தமில்லாத வரி. அதைக் குழுவில் போடாமல் நோட்டில் எழுதினேன். இந்தக் கதைக்கு இப்போது இருக்கும் முதல் வரி அதுதான். தான் எனக்கு ஒரு வேலை கொடுத்ததாக ஷிஜி நினைக்கவில்லை, நான் உதவி செய்ததாகத்தான் நினைக்கிறாள். எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு ஏறவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். ஏட்டி, நீ எனக்குச் செய்தது பெரிய காரியம்.

6

முடிவு ஒன்று: நாற்பதாவது வீடு சேர்கிறது. டெனிஷ் ஏஜென்டைக் கூப்பிட்டு...

முடிவு இரண்டு: திருவனந்தபுரம் விமான நிலையம். மகள் தூங்கிவிட்டாள். ஷிஜி மறுநாள் பக்கத்து வீட்டு வள்ளத்து மீனை...

இரண்டையும் எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்தன. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எத்தனை வீடு என்று கேட்பீர்கள். முப்பத்தொன்பது என்றால் கதைக்கு வசதி. முப்பத்தாறுதான். ஏஜென்டுக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று நள்ளிரவு தாண்டி, ஞாயிறு முடிந்ததும் டெனிஷ் கடலுக்குப் போகிறான். என்ன முடிவு என்று ஷிஜி கேட்டதற்கு, “வள்ளம் கரைக்கி வரட்டு, சொல்லுகேன்,” என்றிருக்கிறான்.

முப்பத்தாறு போதும் என்று அவன் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவ்வளவு ஆசை. அந்த வாக்கியம் இப்போதே என் கையில் தயாராக இருக்கிறது. எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டால் காலை ஏழு மணிக்குத் தானாகப் போய்விடும்.

7

எழுதமாட்டேன். வள்ளம் இன்னும் மணலில்தான் கிடக்கிறது.

நாளை ஆறு நாற்பதுக்குப் படம் வரும். அப்போது இந்தப் பக்கம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் எழுதட்டும். நீங்களாகவும் இருக்கலாம். அடுத்த வரி “டெனிஷ்” என்று தொடங்கும். மீதியை, மீனைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

டெனிஷ்